ஆறாம் வார ஊசி நாளில் இடுப்பு ஸ்கேன்

தென்னாப்பிரிக்காவில் குழந்தைக்கு 6 வாரத்தில் தடுப்பூசி உண்டு. சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, டர்பன் பக்கத்துக் கிளினிக் எதுவானாலும் தாய் எப்படியும் பிள்ளையைத் தூக்கி வரும் நாள் அது. தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் விலகியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்கவும் அதுவே தோதான நாள். பிறந்த புதிதில் மூட்டு இயல்பாகவே தளர்ந்திருக்கும்; அப்போதே எல்லோருக்கும் ஸ்கேன் பார்த்தால் தானாகச் சரியாகிற இடுப்புக்கும் கால்களை விரித்துப் பிடிக்கும் பட்டையை வீணாக மாட்ட நேரும். நாலைந்து மாதம் தாண்டினால் தொடையெலும்பின் தலையில் எலும்பு உருவாகி, அதன் நிழல் உள்ளே இருப்பதை மறைக்கத் தொடங்கும். பிறகு எக்ஸ்ரேதான். ஆனால் கையால் சோதிக்கும்போதே மூட்டு 'டொக்'கென்று கிண்ணத்துக்குள் ஏறி இறங்கினால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

யாருக்குப் பார்ப்பது? வயிற்றில் கால் கீழாக இருந்த பிள்ளை, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இடுப்பு விலகியிருந்த குடும்பம், ஒரு பக்கம் தொடை விரிய மறுக்கும் குழந்தை. இந்தக் கோளாறு பெண் குழந்தைகளுக்கே அதிகம். குழந்தையின் உடல்நலப் பதிவேடான 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தைப் புரட்டுவதோடு நிற்காமல் தாயிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சிசேரியன் என்று எழுதியவர் அது கால் கீழாக இருந்ததற்காகவா என்று எழுதாமல் விட்டிருக்கலாம்.

வயிறு நிறைந்த குழந்தை, வெதுவெதுப்பான ஜெல், இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நாப்பியைத் திறந்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் சுருட்டிய துண்டை அணைகொடுங்கள். தொடை லேசாக மடங்கி, சற்றே உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். ப்ரோப், அதாவது உடலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் கைப்பிடி, நேர்முனையாக, 7.5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். வயிற்றுக்கு வைத்திருக்கும் வளைமுனை ப்ரோப்பைக் கொண்டு கோணம் அளக்க வேண்டாம்.

தொடையின் வெளிப்பக்க எலும்பு மேட்டின் மீது ப்ரோப்பை உடலின் நீளவாக்கில் செங்குத்தாக வையுங்கள். கருமையான உருண்டையாகத் தெரிவது தொடையெலும்பின் தலை. அது இன்னும் குருத்தெலும்புதான். அடுத்து கிண்ணத்தின் ஆழத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி: இடுப்பெலும்பின் மேற்பகுதியான இலியத்தின் கீழ்முனை. அதைத் தவறவிடாமல் ப்ரோப்பை மெல்லச் சுழற்றினால் மேலே இலியம் நேர்கோடாக வரும். கடைசியாகக் கிண்ணத்தின் விளிம்பில் சின்ன வெள்ளை முக்கோணம்; அது லேப்ரம் என்னும் மெத்தென்ற விளிம்புத் திசு. கீழ்முனை, நேர்கோடு, லேப்ரம் மூன்றும் ஒரே படத்தில் இல்லையென்றால் அளக்காதீர்கள். இலியம் வளைந்து தெரிந்தால் முன்னாலோ பின்னாலோ வெட்டியிருக்கிறீர்கள். ப்ரோப் மேல்கீழாகச் சாய்ந்தால் நல்ல மூட்டும் விலகியதுபோல் காட்டும்; அவசரத்தில் அதிகம் நடப்பது இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம் எடுத்து வையுங்கள்.

இலியத்தின் நேர்கோட்டுக்கும், கீழ்முனையிலிருந்து கிண்ணத்தின் எலும்புக்கூரையைத் தொட்டுப் போகும் கோட்டுக்கும் இடையே உள்ளது ஆல்பா கோணம். ஆஸ்திரியாவின் ரெய்ன்ஹார்ட் கிராஃப் 1980இல் முன்வைத்த முறை இது. 60 டிகிரியோ மேலோ இருந்தால் முதிர்ந்த மூட்டு. 3 மாதத்துக்குள் 50 முதல் 59 என்பது வளரும் மூட்டு. அதிலும் 6 வாரத்தில் 55ஐத் தொடாதது வயதுக்குப் பின்தங்கியது. அதைச் சும்மா விடக் கூடாது. 50க்குக் கீழே சிகிச்சை. 43க்குக் கீழே போனால் தலை விலகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோணம் நன்றாக இருந்தாலும் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கால்களை நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவது இடுப்புக்கு ஆகாது. குளிப்பாட்டும்போது ஆயா காலை இழுத்து நேராக்குவதையும் பக்குவமாகச் சொல்லி நிறுத்தச் சொல்லலாம். ஜூலு தாய்மார் முதுகில் கட்டிச் சுமக்கும்போது குழந்தையின் தொடை மடங்கி விரிந்திருக்கும். ஆப்பிரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் இந்தக் கோளாறு அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் எனப் பலர் கருதுகிறார்கள். நம் வீடுகளிலும் பின்பற்றத் தக்க பழக்கம்.

காலை அசைக்காமல் கிடந்து, நாப்பி மாற்றும்போது வீறிட்டழும் குழந்தை வேறு கதை. அங்கே ஆல்பா கோணத்துக்கு வேலையில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முன்பக்கமாக, தொடையெலும்பின் கழுத்துவாக்கில் ப்ரோப்பை வைத்து, எலும்புக்கும் மூட்டுறைக்கும் நடுவே நீர் இருக்கிறதா என்று இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீர் கோத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அது சீழா, வெறும் நீரா என்பதை ஸ்கேன் சொல்லாது. ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பச்சிளங்குழந்தைக்குச் சீழ் வைத்தாலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். முதல் நாளில் நீர் தெரியாமலும் போகலாம். எனவே படம் சுத்தமாக வந்தது என்று காலை அசைக்காத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.