வேனில் கழற்றிய ஆம்ப்பை வீட்டில் பாட வைக்க

இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பழைய வேனோ ஆட்டோவோ விற்கிறவர்கள் முதலில் கழற்றி எடுப்பது பாட்டு செட்டைத்தான். வாங்குகிறவன் அதற்கென்று தனியாகக் காசு தரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர், அப்புறம் அலுமாரிக்கு மேலே கிடக்கும். தீபாவளி நெருங்கும்போதோ கோயில் திருவிழா வரும்போதோ யாருக்காவது ஞாபகம் வந்து, "அண்ணே, இதை வீட்டு கரண்டில் போட ஏலுமா?" என்று பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஏலும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

ஆம்ப்புக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி. என்ஜின் ஓடும்போது வண்டியில் உண்மையில் கிடைப்பது 13.8 முதல் 14.4 வரை. வீட்டுப் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி. அதை 12 ஆக்குவது பெரிய வேலை இல்லை, ரவுட்டர் அடாப்டர்கூட அதைத்தான் செய்கிறது. ஆனால் அந்த அடாப்டர் தருவது ஒன்றோ இரண்டோ ஆம்பியர். அதைக் கொடுத்தால் லைட் பத்தும், மெதுவாகப் பாட்டும் கேட்கும், முதல் தவில் அடி விழுந்ததும் செட் அணைந்துவிடும். "ஆம்ப் பழுது அண்ணே" என்று கொண்டுவருவதில் பாதி இந்தக் கேஸ்தான்.

எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று பார்க்க மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள். '1000 வாட்' என்று தங்க எழுத்தில் இருக்கும், பக்கத்தில் 25 ஆம்பியர் பியூஸ் ஒன்று செருகியிருக்கும். அந்த பியூஸ்தான் உண்மை சொல்கிறது. 13.8 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுத்தால் உள்ளே போவதே 345 வாட். பழைய கிளாஸ் ஏபி வகை ஆம்ப் என்றால் அதில் ஏறக்குறைய பாதி சூடாகப் போய்விடும், ஸ்பீக்கருக்குச் சேர்வது மிச்சம். கிளாஸ் டி வகை ஆம்ப் இவ்வளவு வீணாக்காது. எப்படியும் லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) ஒன்றுக்கு அந்த மிச்சமே தாராளம், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் சேர்த்து.

சரி, எதை வாங்குவது? சிசிடிவி கேமராவுக்கும் எல்இடி போர்டுக்கும் போடுகிறார்களே, ஓட்டை ஓட்டையாகத் தகரப் பெட்டி மாதிரி ஒரு எஸ்எம்பிஎஸ் (வீட்டு கரண்டை 12 வோல்ட் டிசி ஆக்கும் பவர் சப்ளை), அதில் 12 வோல்ட் 30 ஆம்பியர் ஒன்று போதும். வாங்கி வந்ததும் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள துளைக்குள் எட்டிப் பாருங்கள். சில பெட்டிகளில் 110, 220 என்று சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், அது 110இல் இருக்கும்போது நம் கரண்டைக் கொடுத்தால் ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான் கதை. வயர் மாட்டும் டெர்மினல் வரிசையின் ஓரத்தில் ஒரு குட்டித் திருகு உண்டு. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அதை மெதுவாகத் திருப்பினால் பல பெட்டிகள் 13.8 வரை ஏறும். ஆம்ப்பை மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

ஆம்ப்பில் பார்க்க வேண்டியது மூன்று இடம்: 12 வோல்ட் (பிளஸ்), கிரவுண்ட் (மைனஸ்), ரிமோட் (ஆம்ப்பை எழுப்பும் முனை). முதல் இரண்டுக்கும் தடித்த செப்பு வயர், 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், நீளம் முடிந்தவரை குட்டையாக. வண்டியில் கிரவுண்டை பாடியில் திருகுவார்கள், இங்கே அது நேராக சப்ளையின் மைனஸுக்குப் போகிறது. ரிமோட்டைச் சும்மா விட்டால் ஆம்ப் எழும்பாது. 12 வோல்ட்டிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை ஒரு சின்ன சுவிட்ச் வழியாக அதற்குக் கொடுங்கள். முதலில் சப்ளை, பிறகு இந்த சுவிட்ச், அணைக்கும்போது மாற்றி. வண்டியில் வைத்திருந்த பெரிய கெப்பாசிட்டரை (கரண்டைச் சேமித்து வைக்கும் உருளையை) இங்கே சேர்க்க வேண்டாம். காலியாக இருக்கும் கெப்பாசிட்டரை இந்தச் சப்ளை ஷார்ட் என்றே எடுத்துக்கொண்டு எழும்ப மறுக்கும்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை கையில் இருந்தால் அதுவும் ஓடும். பச்சை வயரை ஒரு கறுப்போடு சேர்த்தால் எழும்பும், மஞ்சள் எல்லாம் 12, கறுப்பு எல்லாம் மைனஸ். லேபலில் மொத்த வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்ற கட்டத்தைப் பாருங்கள். ரொம்பப் பழையவற்றில் சிவப்பு வயரில், அதாவது 5 வோல்ட் பக்கம், சுமை எதுவும் இல்லாவிட்டால் 12 இறங்கிப்போகும். சின்ன ஆம்ப்புக்குச் சரி, வூஃபருக்கு (பெரிய பாஸ் ஸ்பீக்கருக்கு) எனக்குத் திருப்தி இல்லை.

வண்டி பேட்டரியையே வீட்டுக்குள் வைத்து, சார்ஜரையும் மாட்டி, ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 மின்வெட்டில், 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாத நாட்களில், பேட்டரியில் பாட்டு ஓடியது உண்மையிலேயே பெரிய விஷயம்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். நம் ஊர்க் குளிருக்கு இரவில் ஜன்னல் கதவு எல்லாம் அடைத்துத்தான் படுக்கிறோம், அதே அறையில் அடுப்பும் விளக்கும் வேறு. பேட்டரிதான் வேண்டும் என்றால் அதை இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வையுங்கள், பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போட்டு.

எர்த் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வயரில் இழுத்த கரண்டும், ரெண்டு முனை உருண்டைப் பிளக்கும் இங்கே சாதாரணம். எர்த் இல்லாத அந்தத் தகரப் பெட்டியை, மழையில் நனைந்து வந்த காலோடு சிமெந்துத் தரையில் நின்று தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்று இருக்கும். உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது அது. அந்தச் சுரீர் கொல்லாது, ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதானால் அதே தகரத்தில் முழு 230 நிற்கும், அப்போது அதைக் கீழே இறக்க எர்த் இல்லை. மூன்று முனைப் பிளக், உண்மையான எர்த், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாத வீட்டில் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள், பாட்டு அப்புறம். திறந்து கிடக்கும் டெர்மினலையும் பிள்ளைகள் கை படாமல் மூடிவிடுங்கள், காற்றுப் போக மட்டும் வழி விட்டு.

போனில் ஹெட்போன் துளை இல்லாததால் ப்ளூடூத் போர்டு வைக்கிறவர்களுக்கு ஒன்று. அதற்கான கரண்டை இதே சப்ளையிலிருந்து எடுத்தால் பாட்டுக்குப் பின்னால் 'கீ...' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய போன் சார்ஜரை அதற்குத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

இதற்காக ஆம்ப்பைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு நேராக 230இல் ஓடும் வீட்டு ஆம்ப்பையே வாங்குங்கள். அலுமாரிக்கு மேலே சும்மா கிடப்பதற்குத்தான் இவ்வளவும். ஏப்ரலிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்க ஆரம்பித்தால் சுவிட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.