கல்லின் புள்ளியும் கேமராவின் புள்ளியும்

பாலிஷ் முடிந்து வரும் கிரானைட் ஸ்லாப்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கக் கேமரா வைக்க முடியுமா என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் பக்கத்து ஆலை ஒன்றில் கேட்டார்கள். அந்தக் குழுவில் படத்திலிருந்து இரைச்சலை, அதாவது காட்சியில் இல்லாமல் கேமராவே சேர்த்துவிடும் தாறுமாறான புள்ளிகளை, நீக்கும் பகுதி என்னிடம் வந்தது.

இந்தப் பாடத்தைக் கல்லூரியில் பெரும்பாலும் மனித முகத்தை வைத்து விளக்குவார்கள். கன்னம் வழவழப்பானது. அதன்மேல் தெறித்துக் கிடக்கும் புள்ளியெல்லாம் கேமராவின் வேலை என்று யாரும் சொல்லிவிடலாம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் முக்கால்வாசி வடிகட்டிகள், அதாவது படத்தைச் சுத்தம் செய்யும் கணக்கு முறைகள், வேலை செய்கின்றன. கிரானைட்டிடம் அது செல்லாது. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்று அந்தக் கல்லே புள்ளிகளால் ஆனது. கல்லின் புள்ளி எது, சென்சாரின் புள்ளி எது, விரிசலின் நுனி எது என்று நிரலுக்கு யார் சொல்லித் தருவது?

எல்லாரும் முதலில் எடுப்பது மீடியன் வடிகட்டி. 3×3 கட்டத்திலுள்ள 9 பிக்சல்களை மதிப்பு வாரியாக அடுக்கி, நடுவில் நிற்கும் 5ஆவது மதிப்பை அது எடுத்துக்கொள்ளும். தனியாகத் தெறித்த வெள்ளை, கறுப்புப் புள்ளிகளை அருமையாக நீக்கும். ஆனால் ஒரே பிக்சல் அகலமுள்ள விரிசல் அந்தக் கட்டத்தின் ஊடே போனால் அதற்குக் கிடைப்பது 3 இடம், கல்லுக்கு 6. நடு மதிப்பு கல்லின் பக்கமே விழும். விரிசல் உண்டு என்று ஏற்கெனவே உறுதியான ஸ்லாப்புகளின் படங்களை இதில் ஓட்டிப் பார்த்தோம். பளிச்சென்று வந்தன, விரிசலே இல்லாமல். அந்த ஸ்லாப் ஒருவர் வீட்டுச் சமையல் மேடையாகிப் பிளந்தால் அந்தப் பளிச்சை வைத்து என்ன செய்வது? பக்கத்துப் பிக்சல்களுக்குக் கூடுதல் எடை தந்து சராசரி எடுக்கும் காஸியன் வடிகட்டி விரிசலை ஒரேயடியாக அழிப்பதில்லை. அகலப்படுத்தி, மங்க வைத்து, கல்லின் நிறத்தோடு கரைத்துவிடும். 1998இல் தொமாசி, மந்தூக்கி என்ற ஆய்வாளர்கள் தந்த பைலேட்டரல் வடிகட்டி விளிம்புகளைக் காப்பாற்றும் என்று பெயர். அது உண்மைதான், விளிம்பு எடுப்பாக இருந்தால். மங்கலான விரிசலை அதுவும் இரைச்சலோடு சேர்த்தே தேய்க்கும்.

ஆலையில் ஸ்லாப்புகளைப் பார்த்துத் தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஸ்லாப்பின்மேல் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டுச் சற்று நிற்பார். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசலுக்குள் இறங்கிய ஈரம் கறுத்த கோடாகத் தங்கியிருக்கும். "படத்தைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்களே தம்பி, அது தானா தெரியற மாதிரி பண்ண முடியாதா?" என்றார். இத்தனை ஆண்டுகளில் இரைச்சல் நீக்கம் பற்றி நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. இரைச்சலைக் குறைப்பதற்கு முன் தேடும் பொருளை எடுப்பாக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நிரலை விட்டு விளக்குக்குப் போனோம். ஒளியைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாகப் பாய்ச்சினால், பாலிஷ் பரப்பு அதைக் கண்ணாடிபோல் மறுபக்கம் அனுப்பிவிடுகிறது. விரிசலின் விளிம்பு மட்டும் ஒளியைச் சிதறடித்துக் கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டியதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100தான், வெறும் 1 சதவீதம். பிளாக் கிரானைட் என்று விற்கப்படும் டாலரைட் போன்ற கறுப்புக் கல்லுக்கு இது உயிர்நாடி. அதிலிருந்து திரும்பி வரும் ஒளியே கொஞ்சம். கேமராவின் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கூட்டினால் படம் வெளுக்கும், கூடவே இரைச்சலும் பெருகும்.

ஒரே காட்சியை 16 முறை எடுத்துச் சராசரி போட்டால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகும். சோதனை மேசையில் அப்படிச் செய்தோம். ஓடுகிற பெல்ட்டில் ஸ்லாப் நிற்காதே.

லைன் ஸ்கேன் கேமரா வேறொரு தொல்லை தந்தது. அது ஒரு வரிசைப் பிக்சல்களால் கல்லை வரி வரியாகப் படிக்கும். அந்த வரிசையில் ஒரு பிக்சல் கெட்டிருந்தால், ஸ்லாப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேர்கோடு விழும். பார்ப்பதற்கு அசல் விரிசல். கொட்டகை டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்போ குறுக்கே பட்டை பட்டையாகப் படிந்தது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் சென்சார் சூடாவதும் சேர்ந்துகொள்ளும். வெப்பம் சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறினாலே, ஒளி படாதபோதும் சென்சாரில் ஊறும் இருட்டு மின்னோட்டம் இரட்டிப்பாகும். இவை எதையும் பொது வடிகட்டியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. கேமராவை மூடி எடுத்த இருட்டுப் படத்தைக் கழித்தோம். வெள்ளைப் பலகையை எடுத்து ஒளிச் சீரின்மையைச் சரிசெய்தோம். கேமராவைச் சுற்றித் தடுப்பு வைத்து டியூப்லைட்டை மறைத்து, உள்ளே டிசி மின்சாரத்தில் எரியும் எல்இடி பொருத்தினோம்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சிய இரைச்சலுக்கு, பூவாதெஸ், கோல், மொரெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் வெளியிட்ட நான்-லோக்கல் மீன்ஸ் முறை பொருந்தியது. அது பக்கத்துப் பிக்சலை மட்டும் நம்பாமல், தன்னைப் போன்ற துண்டுகளைச் சுற்றுவட்டாரத்தில் தேடிச் சராசரி எடுக்கும். விரிசல் நீளமானது என்பதால் அதன் ஒரு துண்டுக்கு அதே விரிசலிலேயே துணைகள் கிடைத்துவிடுகின்றன. ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கும் நரம்பியல் வலையை (நியூரல் நெட்வொர்க்) வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யோசனை வந்தபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழகிய படங்களில் கண்ட அமைப்பைக் கொண்டு இல்லாததை நிரப்பும் வாய்ப்பு அதில் உண்டு. கல்யாண ஆல்பத்துக்கு அது போதும். தரச் சோதனையில் எனக்கு வேண்டியது கல்லில் இருப்பது மட்டும்.

வடிகட்டிய படத்தோடு மூலப் படத்தையும் கட்டாயம் சேமிக்கிறோம். யாராவது கேள்வி கேட்டால் திறந்து பார்ப்பது மூலத்தைத்தான். கறுப்புக் கல்லில் இப்போது கேமராவே தீர்ப்புச் சொல்கிறது. இந்த மாவட்டத்தில் எடுக்கும் பாரடைசோ என்ற கிரானைட் ரகத்தின் சுழி சுழியான கோடுகளில் இன்னும் தவறான அலாரம் அடிக்கிறது. அந்த ரகத்துக்குச் சந்தேகப்பட்ட இடத்தை மட்டும் திரையில் வட்டமிட்டுக் காட்டும்படி வைத்திருக்கிறோம். முடிவை அந்தப் பெரியவரும் அவரிடம் வேலை பழகும் இளைஞர்களும் எடுக்கிறார்கள்.