அப்பாவுக்கு விண்டோஸ், எனக்கு உபுண்டு

டவுனில் எங்கள் பாத்திரக் கடைக் கணக்கு முழுக்க விண்டோஸில், டேலியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கம்ப்யூட்டரில் நான் நிரல் எழுதிப் பழக, பக்கத்திலேயே உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். அதிலிருந்து காலையில் சுவிட்சைத் தட்டியதும் உபுண்டுதான் வந்தது. எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனு வரும்போது அம்புக்குறியை இறக்கி எண்டர் தட்டுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் வியாபாரம் பாக்கவா, வரி எண்ணவா?" என்றார். நியாயம்தான்.

இடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்றொரு கோப்பு. அதில், தானாகத் திறக்க வேண்டியது எது என்று சொல்லும் கிரப் டிஃபால்ட் என்ற வரியில் 0 இருந்தது. மெனுவில் விண்டோஸ் மூன்றாவது. கிரப் 0-விலிருந்து எண்ணுவதால் 2 என்று மாற்றிச் சேமித்தேன். ஒன்றும் நடக்கவில்லை! கட்டளை அடிக்கும் டெர்மினலில் சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு அப்டேட் கிரப் கட்டளையை ஓட்டினால்தான் மாற்றம் மெனுவுக்குப் போகும் என்று அப்புறம்தான் உறைத்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் நிம்மதி. பிறகு ஒரு ஞாயிறு உபுண்டுவை 24.04-க்கு உயர்த்தினேன். மறுநாள் காலை பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன். "ஏல, என்னல பண்ணி வச்சிருக்க? நீலமா என்னமோ ஓடுது, கணக்கே வர மாட்டேங்கு!"

வைரஸ் என்றே பயந்து ஓடினேன். பார்த்தால் மெம்டெஸ்ட், ரேமைச் சோதிக்கும் நிரல். பழைய பதிப்பில் இருந்த மெம்டெஸ்ட், பழைய பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் இதுபோன்ற கணினிகளில் ஓடாது; அதனால் மெனுவிலும் இல்லை. புதியது ஓடும். அது இரண்டு வரிகளாக நடுவில் நுழைந்து, விண்டோஸை 4-க்குத் தள்ளிவிட்டது. நான் எழுதி வைத்த 2, மெம்டெஸ்டுக்குப் போய்விட்டது. அங்கீகாரம் இல்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட்டை நான் அணைத்து வைத்திருந்ததால் அதுவும் தடையில்லாமல் ஓடியிருக்கிறது.

கடைசியாகத் திறந்ததையே மறுபடி திறக்கும் 'சேவ்டு' வசதியும் உண்டு. அதை வைத்தால் ஞாயிறு நான் உபுண்டுவில் இருந்துவிட்டுப் போக, திங்கள் அப்பா மாட்டுவார். வேண்டாம். எண்ணுக்குப் பதில், 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று தொடங்கும் அந்த மெனு வரியை, அடைப்புக்குறிக்குள் இருந்த டிரைவ் பெயரோடு ஓர் எழுத்து பிசகாமல் மேற்கோள் குறிக்குள் போட்டேன். இந்த முறை அப்டேட் கிரப்பை மறக்கவில்லை.

மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவையும் விண்டோஸ். "சரி, போயி டீ வாங்கிட்டு வா" என்றார் அப்பா.