முதல் சந்திப்பில் பேச்சு ஓட

கும்பகோணத்தில் வரனோடு முதல் சந்திப்பா? காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். டிகிரி காபியைச் சட்டுன்னு முடித்துவிட்டு மகாமகக் குளத்தைச் சுற்றி நடங்க. கூட நடக்கும்போது மௌனம் உறுத்தாது. பேச்சு நின்றால் கரையில் இருக்கும் 16 மண்டபங்களை எண்ணலாம்.

"என்ன படிச்சீங்க?"க்கு ஒரே வார்த்தையில் பதில் முடிஞ்சிடும். "உங்க ஊர் ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"ன்னு கேளுங்க. "கடைமடைங்க, இன்னும் வரலை"ன்னு பதில் வந்தால், 'கடைமடை'யை (ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேரும் இடம்) பிடிச்சுக்கங்க: அதுவரை நாற்றங்காலுக்கு என்ன செய்வீங்க? உடனே "எங்க ஊர்லயும்..."னு நடுவில் புகுந்தால் அவர் பேச்சு அங்கேயே அறுந்துடும்.

ரெண்டு கேள்விக்கு ஒருதரம் உங்களைப் பற்றியும் சொல்லுங்க. இல்லேன்னா போலீஸ் விசாரணைதான். சம்பளப் பேச்சா? அதைப் பெரியவங்க எப்படியும் கேட்பாங்க.