இலங்கையைச் சுற்றிவரும் உப்பு

வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் இடையிலான நீர்ப் பரிமாற்றத்தைக் கணினி மாதிரிகளில் பார்க்கும்போதெல்லாம் என் கவனம் இலங்கையின் தென்முனையில்தான் போய் நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக் கடலின் உப்பு மிகுந்த நீர் அவ்வழியே கிழக்கே பாய்ந்து, வங்கக் கடலின் அடர்த்தி குறைந்த மேல்நீருக்கு அடியில் புகுந்துவிடுகிறது. குளிர்காலத்திலோ, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் கலந்த நீர் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, தீவைச் சுற்றிக்கொண்டு கேரளக் கரைக்கு அப்பால் வரை செல்கிறது. அங்கே அது மூடிபோல் மேலே கிடந்து கீழ்நீரோடு கலப்பதைத் தடுப்பதால், பருவமழைக்கு முந்தைய மாதங்களில் கடல்பரப்பு வெகுவாகச் சூடேறுகிறது.

இம்மாதிரிகள் கடலைச் சிறு பெட்டிகளாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. 1 டிகிரி கட்டத்தில் ஒரு பெட்டியின் அகலமே சுமார் 110 கி.மீ. என்பதால், பாக் நீரிணை அதில் சரியாக அடங்காது; கரையோர நீரோட்டமும் அகன்று மெலிந்துவிடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: மாதச் சராசரி வேகத்தையும் மாதச் சராசரி உவர்ப்பையும் (நீரிலுள்ள உப்பின் அளவு) பெருக்கி, நீரோட்டம் சுமந்து செல்லும் உப்பைக் கணக்கிட்டால், அந்த மாதத்துக்குள் கடல்நீர்ச் சுழல்கள் சுமந்து சென்ற பங்கு விடுபட்டுப்போகும். மாதிரி ஓடும்போதே ஒவ்வொரு நேரப்படியிலும் (கணக்கீடு முன்னேறும் ஒவ்வொரு சிறு கால இடைவெளியிலும்) பெருக்கற்பலனைக் கூட்டிச் சேமிப்பதே சரியான வழி என்று அழுத்தமாகச் சொல்வேன்.