பன்னிரண்டு மைல் தாண்டினால் வேட்டிக்குச் சட்டமில்லை

சொகுசுக் கப்பலில் போகிறோம் என்றதும் எதிர்வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருக்கு?"

எந்த ஊருக்கும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நடுக்கடல் வரை போய்ச் சுற்றிவிட்டு, அதே துறைமுகத்தில் இறங்க வேண்டியதுதான். "கடலைப் பாக்கணும்னா பீச் இருக்கே, அதுக்கு இவ்வளவு பணமா?" என்றார். இதற்குப் பெரம்பூரில் யாரிடமும் பதில் கிடையாது. ஆடித் தள்ளுபடியில் கிடைத்த டிக்கெட் என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கப்பலின் பெயர் வேண்டாம். நான், மனைவி, மகள், அப்புறம் பெரியப்பா. ஒரே கேபினில் நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெரியப்பாவைச் சேர்த்தோம். எண்பதைத் தாண்டியவர். சிறுவயதில் அவருடைய அப்பா பினாங்கில் வேலை பார்த்ததால், ராஜூலா கப்பலில் கடல் கடந்தவர். அந்தத் தகுதி எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்பதை அறுபது வருடமாக நினைவூட்டிக்கொண்டே இருப்பவர். நாங்கள் சக்கரம் வைத்த பெட்டிகளோடு கிளம்ப, அவர் ஒரு கைப்பை, ஒரு கோடாலித் தைலம், சுருட்டிய கோரைப்பாய் ஒன்று எடுத்துக்கொண்டார். "கப்பலில் கட்டில் இருக்கு மாமா" என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, இடம் கிடைக்கணுமே" என்றார்.

துறைமுகத்தில் பாதுகாப்புச் சோதனை. அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு என்று சூடாகிற எதையும், வீட்டிலிருந்து கட்டிவந்த தின்பண்டத்தையும் உள்ளே விடமாட்டார்கள். பிடித்து வைத்ததையெல்லாம் ஒரு மேசையில் அடுக்கியிருந்தார்கள். பார்க்க நிச்சயதார்த்தச் சீர்வரிசை போலவே இருந்தது. சௌகார்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பம் காக்ரா என்ற மொறுமொறு ரொட்டிக்காகவும், நங்கநல்லூர் தம்பதி புளிக்காய்ச்சலுக்காகவும் தனித்தனியே வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வழக்குமே தோற்றன.

நடுக்கடலில் தீயை விடப் பெரிய பயம் கப்பல்காரர்களுக்குக் கிடையாது, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. இதைப் பெரியப்பா தன் பாணியில் விளக்கினார். ராஜூலாவுக்குப் பிறகு சிங்கப்பூருக்கு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் எண்பதுகளில் தீப்பிடித்ததையும், பயணிகள் பலர் இறந்ததையும், அத்தோடு அந்தச் சேவையே நின்றுபோனதையும் வரிசையில் நின்றபடி உரத்த குரலில் சொன்னார். பின்னால் நின்றவர், "ஏறும்போதே எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். அவர் மனைவி தன் கைப்பையைத் திறந்து, யாரும் கேட்காமலே ஒரு ஹேர் டிரையரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பாய் மட்டும் ஸ்கேனருக்குள் போய் அந்தப் பக்கம் பத்திரமாக வந்துவிட்டது. கோரைப்பாய் தடை என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

கப்பல் கிளம்புமுன் ஒத்திகை. ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாகச் சங்கு ஊதினால் ஆபத்து என்று பொருள். டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914இல் உருவான சர்வதேச ஒப்பந்தத்தின் வழியில் வந்தவை இந்த விதிகள் எல்லாம். 2012இல் இத்தாலியக் கரையோரம் ஒரு பெரிய கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்பாகவோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகையை முடித்தாக வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் இதை ஒரு போட்டோ நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள். பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தாலிச்சங்கிலி வெளியே தெரியும்படி எடுத்துவிட்டு, வரிசையாக நின்று சிரித்தார்கள்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பணியாளர், உயிர்காப்புப் படகில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும் உலர் உணவும் இருக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதுவரை ஒரு கேள்வியும் கேட்காத கூட்டத்தில் கைகள் உயர்ந்தன.

"உணவுன்னா என்ன?"

"பிஸ்கட் மாதிரி இருக்கும், மேடம்."

"முட்டை போட்டதா?"

சௌகார்பேட்டைப் பெரியவர் எழுந்து, அதில் ஜெயின் வகை உண்டா என்றார். பெரியப்பா, காபி உண்டா என்றார். பணியாளர் முகத்தில் வந்த களைப்பைப் பார்த்தால், ஆபத்து வரட்டும் என்று அவரே வேண்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

ஒரு வழியாகக் கப்பல் நகர்ந்தது. மெரினாவில் நின்று கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக் கடலில் நின்று மெரினாவைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம்தான். கிரேன்களுக்குப் பின்னால் உயர் நீதிமன்றத்தின் கோபுரங்கள், தெற்கே கலங்கரை விளக்கம், சாந்தோம் மாதா கோவிலின் வெள்ளைக் கூம்பு. ஆனால் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும் என்று அறிவித்ததால், டெக் முழுக்க எல்லோரும் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். பேசிய விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். "கேஸை மூடினியா? போய்ப் பாரு. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, நான் லைன்ல இருக்கேன்."

கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆகமொத்தம் 22 கிலோமீட்டர். பாரிமுனையிலிருந்து ஏறக்குறைய பல்லாவரம். அதைத் தாண்டிய பிறகுதான் கேசினோவைத் திறப்பார்கள். கதவுக்கு வெளியே கூடி நின்றவர்களை ஒதுக்கிவிட்டு நாங்கள் இரவு விருந்துக்குப் போனோம். 'ஃபார்மல் நைட்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. பெரியப்பா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். வாசலில் நின்ற பெண், "சார், ஒன் மினிட்" என்றார்.

அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் வேட்டியில் வந்த ஒருவர் முன்னே பாய்ந்தார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "மேடம், இது தமிழ்நாடு. வேட்டி கட்டினவரை கிளப்புல தடுத்தாங்கன்னு 2014ல சட்டசபையிலேயே சட்டம் போட்ட ஊரு. லைசென்ஸை ரத்து பண்ணலாம், ஜெயில்ல போடலாம். தெரியுமா?"

அவர் சொன்ன சட்டம் உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், கேசினோவிலிருந்து திரும்பியவர் போலிருக்கிறது, நிதானமாகக் கேட்டார்: "அங்கிள், இப்ப நாம 12 மைல் தாண்டிட்டோமே, அந்தச் சட்டம் இங்க செல்லுமா?"

கோர்ட் மாமா ஒரு கணம் நின்றார். பிறகு, கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு போகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் இனி என்று அவரே ஒப்புக்கொண்டார். இந்தக் கப்பலில் எந்த நாட்டுக் கொடி? யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் பார்த்துவர மேலே ஓடினார்கள். வேட்டி கட்டிய வேறு சிலர் வரிசையிலிருந்து மெல்ல நகர்ந்து சுவரோரம் நின்றார்கள். இந்த விவாதம் ஓயும் வரை பொறுமையாக நின்ற அந்தப் பெண், கடைசியில் பெரியப்பாவிடம் கேட்க வந்ததைக் கேட்டார்: "சார், ரூம் நம்பர்?"

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்ல வேண்டியது ஒன்றுதான். பஃபேயில் பாஸ்தா, பாலக் பனீர், பெயர் தெரியாத கேக்குகள் எல்லாம் ஈயாடின. தோசைக்கல் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் வரிசை நீச்சல் குளம் வரை நீண்டது. தோசை வார்த்தவன் தூத்துக்குடிப் பையன். வரிசையில் இருந்த எல்லோரும் அவனிடம் அவன் ஊர், சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதை விசாரித்துவிட்டுத்தான் தோசையை வாங்கினார்கள். அதனால் வரிசை இன்னும் நீண்டது.

மறுநாள் காலை கடல் கொஞ்சம் ஆடியது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க கப்பலின் அடியில் துடுப்பு மாதிரி இறக்கைகள் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. ஜன்னல் இல்லாத கேபினில், எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது, அசைகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள் என்றார்கள். என் மனைவி தொடுவானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பெரியப்பாவிடமிருந்து கோடாலித் தைலத்தை வாங்கிக்கொண்டாள்.

பயணிகளின் அறிவை வளர்க்கும் திட்டம் ஒன்றும் இருந்தது. கைத்துண்டை யானையாக மடிப்பது, ஸும்பா, தம்போலா. இவற்றுக்கு நடுவே ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவரின் சொற்பொழிவு. பாவம், நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். துறைமுகம் வருமுன் மெட்ராஸில் கப்பல்கள் கடலிலேயே நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலைக்குள் புகுந்து ஆட்களைக் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும் என்றெல்லாம் சொன்னார். கூட்டம் கேட்டது. பிறகு அவர் எம்டனுக்கு வந்தார்.

1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இதைச் சென்னைக்காரர்கள் முன்னால் பேசக் கூடாது. ஏனென்றால் எம்டன் குண்டுச் சத்தத்தைக் கேட்காத தாத்தா எங்கள் ஊரில் யாருக்குமே கிடையாது. "எங்க தாத்தா அன்னிக்கு திண்ணையில படுத்திருந்தாரு" என்று ஒருவர் ஆரம்பித்தார். "எங்க கொள்ளுத்தாத்தா ராத்திரியோட ராத்திரியா காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்டிட்டாரு" என்றார் இன்னொருவர். ஒரு மாமியின் தாத்தா மாம்பலத்திலிருந்தே குண்டைக் கண்ணால் பார்த்தாராம். அதிகாரி தன் கடைசிப் படங்களை யாரும் பார்க்காமலே ஓட்டி முடித்தார்.

பெரியப்பா இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவர் வேறு இடத்தில் கடை விரித்திருந்தார்.

குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலிகளில் விடியற்காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள் நம்மவர்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பழகிய கைகள், சொல்லித்தர வேண்டுமா? பெரியப்பா சுற்றிப் பார்த்தார், பாயை விரித்தார், உட்கார்ந்தார். ஒரு பணியாளர் ஓடிவந்து, யாராவது தடுக்கி விழுவார்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். ஓய்வு நேரத்தில் அந்தப் பக்கம் வந்த தூத்துக்குடிப் பையன்தான் மொழிபெயர்த்தான்.

"தம்பி, அவர்கிட்ட சொல்லு. ராஜூலாவில பாய் விரிச்ச இடம்தான் வீடு. எங்கம்மா டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் வெச்சு, அதான் சுவருன்னு சொன்னா."

பையனுக்குக் கதை பிடித்துவிட்டது. அவனும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். 1926இல் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கத்தில் டெக் பயணிகள் மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி வைத்திருந்தது என்றெல்லாம் பெரியப்பா சொல்லிக்கொண்டே போனார். துண்டு போட்டுப் பிடித்த நாற்காலிகளை விட்டு ஆட்கள் எழுந்து வந்தார்கள். "அஞ்சாயிரம் பேருக்கு எத்தனை தோசைக்கல் சார்?" என்று ஒருவர் கேட்டார். அது ஒரு புகார், கேள்வி இல்லை. கோர்ட் மாமா அங்கேயும் இருந்தார். சொற்பொழிவு அதிகாரி கூட வந்து பின்வரிசையில் நின்று குறிப்பெடுத்தார்.

அன்று மாலை நிகழ்ச்சிப் பொறுப்பாளர், மும்பைப் பெண், எங்களைத் தேடி வந்துவிட்டார். நாளை அரங்கத்தில் மைக் பிடித்துப் பேச முடியுமா? பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மெஷின் காபி கூடாது, மேலே கஃபேயில் ஒரிஜினல் டிகாஷன் வாசனை வருகிறது, அது வேண்டும்.

பேச்சு பிரமாதமாக நடந்தது. மூக்கின் அடியில் தைலம் தடவிக்கொண்டு என் மனைவி கூட முன்வரிசையில் இருந்தாள். முடிந்ததும் பெரியப்பா வந்தவர்கள் எல்லோருக்கும் காபி சொல்லி, கேபின் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். கார்டைக் காட்டினால் எல்லாம் இலவசம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெஷின் காபிக்கு அது சரி. கஃபேயில் அந்தக் கார்டுதான் பர்ஸ்.

இறங்குவதற்கு முந்தைய இரவு கதவுக்கு அடியில் பில் வந்தது. நான் அதை முன்பின்னாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வரவேற்பறைக்குப் போனேன். பெரியவர் உங்கள் நிகழ்ச்சிக்குத்தானே பேசினார் என்றேன். உண்மைதான் சார் என்றார்கள். அவர் குடித்த ஒரு காபியை உடனே கழித்தார்கள். மற்றவை விருந்தோம்பலாம். கூடவே, கேப்டன் கையெழுத்திட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்றைத் தங்க நிற உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது பெரம்பூரில் அதை லேமினேட் பண்ணக் கொடுத்திருக்கிறார் பெரியப்பா. எதிர்வீட்டு மாமிக்குப் படிக்க வசதியாக, பெரிதாக்கி ஒரு கலர் ஜெராக்ஸும் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். கடைக்காரர் காசுக்கு என்னைக் கூப்பிட்டார்.