வலிக்காத கட்டி

ஜூன் 3
கீழுதட்டின் உள்பக்கம் மிளகளவு கொப்புளம், நீலம் பாய்ந்து. வீட்டில் மூன்று தடவை ஊசியால் குத்திவிட்டார்களாம். குத்தினால் எச்சில் வழிந்து அமுங்கும், அவ்வளவுதான். பல்லில் கடிபட்டுக் கிழிந்த எச்சில் குழாய் கிழிந்தபடியே இருக்கும், மறுபடி நிரம்பும். அந்தக் குட்டிச் சுரப்பியையும் சேர்த்து எடுத்தால்தான் தீரும்.

ஜூன் 4
குத்தாதீர்கள்.

ஜூன் 7
வேறொருவர். மேல்வரிசை, முன்பல்லுக்கு அடுத்தது. சாம்பல் பூத்த நிறம். சின்ன வயதில் பட்ட அடி. குளிர் வைத்தால் உணர்வே இல்லை. எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி வட்டக் கறுப்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. பல்லின் நரம்பு செத்து வருடங்கள் ஆகியிருக்கும். உள்ளிருந்து கசிகிற கிருமி நஞ்சுதான் நுனியில் கட்டியை வளர்க்கிறது. ஈறை அழுத்தினேன். முட்டை ஓடு மாதிரி நொறுங்கி அமுங்கியது.

"வலிக்கவே இல்லையே டாக்டர், இப்போ எதுக்கு?"

சீழ் பிடித்தால்தான் வலிக்கும். வலி வரட்டும் என்று காத்திருப்பதற்குள் எலும்பு கரைந்துவிடுகிறது. இதை எத்தனை பேரிடம் சொல்வது.

ஜூன் 12
வேர் சிகிச்சை முடிந்தது. கட்டிக்குள் ஊசி போட்டு இழுத்துப் பார்த்தேன்: வைக்கோல் நிறத் திரவம், விளக்கில் காட்டினால் மினுமினுக்கும் துகள்கள். கொலஸ்ட்ரால் படிகம். ரத்தம் பொங்கி வந்திருந்தால் கத்தியைத் தொட்டிருக்கவே கூடாது.

ஜூன் 14
கட்டியின் உறை முழுசாக உரிந்து வந்தது. வேர்நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டி அடைத்தாயிற்று. பரிசோதனைக்கு அனுப்ப உறை 10 சதவீத ஃபார்மலினில், அதன் கனஅளவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல். வெறும் தண்ணீரில் போட்டால் செல்கள் கெட்டு, பரிசோதனையே வீண்.

ஜூன் 15
அந்த மினுமினுப்பு.

ஜூன் 17
குழந்தைக்கு முளைக்கிற பல்லின்மேல் நீல வீக்கம் என்று ஒரு போன். பெரும்பாலும் பல் வெளிவரும்போது தானே உடையும். பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரியவர்களுக்கு அப்படியில்லை. கட்டியோ புண்ணோ இரண்டு வாரம் தாண்டி நின்றால் காட்டியே ஆக வேண்டும். உதடு மரத்தால், பல் ஆடினால் அந்த இரண்டு வாரமும் கிடையாது. தாடைக்கடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ முடியவில்லையென்றால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி.

ஜூன் 20
ரிப்போர்ட் வரவில்லை. கெரட்டோசிஸ்ட் என்று மட்டும் இருக்கக் கூடாது, அது தாடையில் வரும் வேறு வகைக் கட்டி. அதன் உறை மெல்லிசு, கிழியும். விட்டுப்போன துணுக்கிலிருந்து மறுபடி வளரும், வருடக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசியில் தயிர்க்கட்டி மாதிரி வரவில்லை, வைக்கோல் நிறம்தான். ஆனாலும்.

ஜூன் 21
தையல் பிரித்தாயிற்று. ஈறு ஒட்டியிருக்கிறது. ரிப்போர்ட் நாளைக்காம்.